அடியிலிருந்து படிக்கிறவர்

இதை நான் எழுதுகிறேன் என்று தெரிந்தால் இத்தா முதலில் மூன்று கேள்வி கேட்பார். யார் எழுதியது, எப்போது எழுதியது, எழுதியவளுக்கு இதனால் என்ன லாபம். அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். எழுதுவது நான், மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் அவருடைய இன்டர்நெட் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள், சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. எழுதுவது இப்போது, அவர் கொச்சியை விட்டுப் போய் ஒரு நோன்பும் ஒரு பெருநாளும் கழிந்த பிறகு. லாபம் என்று பார்த்தால், நெஞ்சில் ஒரு முள் கிடந்து உறுத்துகிறது, அதை எடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். பெயரை மட்டும் எழுத மாட்டேன். தன் பெயரும் படமும் எந்த சைட்டிலும் ஏறிவிடக் கூடாது என்று இருந்தவர் அவர். இத்தா என்றால் இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்கா. ஊருக்கே அவர் ‘சென்டர் இத்தா’.

சென்டர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சுக்கும் மிளகும் அடுக்கிய இரண்டு கிட்டங்கிகளுக்கு நடுவில், ஒரு ஆட்டோ நுழைந்தால் அடைத்துக்கொள்ளும் சந்தில், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அடிக்கடி பேப்பரை மென்று துப்பும் ஒரு ஜெராக்ஸ் மெஷின். மிளகு மூட்டை ஏற்றுகிற நாளில் நாங்கள் இருவரும் தும்மிக்கொண்டே ஃபாரம் நிரப்புவோம். இத்தாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம், கல்யாணமாகி இங்கே வந்தவர். நல்ல உயரம். தலையில் போடும் தட்டத்தை ஒரே ஊக்கில் குத்தியிருப்பார், அது காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு இழை நகராது.

ஒரு பக்கத்தைத் திறந்தால் மேலே இருக்கும் படத்தையோ தலைப்பையோ பார்க்க மாட்டார். சர்ரென்று அடிவரைக்கும் உருட்டிக்கொண்டு போவார். ஆள் பார்க்காத அந்த இடத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று மூக்குத் திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து படிப்பார். நடத்துகிறவன் யார், விலாசம் உண்டா, கடைசியாக எப்போது திருத்தினான். அங்கிருந்துதான் மேலே ஏறி வருவார்.

“மேல எழுதுறது நமக்கு மோளே. அடியில எழுதுறது கோர்ட்டுக்கு. பொய் சொல்றவன் அங்க வந்தாத்தான் பதறுவான்” என்பார்.

நான் முதலில் அவரிடம் போனது வேலை கேட்டு அல்ல. என் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். கலூரில் ஒரு கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்த யாரோ ஏற்றிவிட்டு, துபாய்க்குப் போயே தீருவேன் என்று நின்றார். பாஸ்போர்ட் போடும் வேலை என் தலையில் விழுந்தது. போனில் தேடினேன். முதலில் வந்த சைட்டில் மூவர்ணமும் சக்கரமும் பளபளவென்று இருந்தன. அரைநாள் உட்கார்ந்து நிரப்பிவிட்டு, பிரிண்ட் எடுக்கத்தான் இத்தாவின் கடைக்குப் போனேன்.

“இது ஆரு காட்டித் தந்தது?” என்றார்.

“யாரும் காட்டலைக்கா. தேடுனேன், மொத ஆளா வந்துச்சு.”

“மொதல்ல நிக்கறவன் பெரியவன் இல்ல. மொதல்ல நிக்கறதுக்குக் காசு கொடுத்தவன். தோ, ‘விளம்பரம்’னு குட்டியா எழுதியிருக்கான், நோக்கு.” பிறகு சைட்டின் விலாசம் இருக்கும் வரியில் விரலை வைத்து, கடைசி எழுத்துகளைக் காட்டினார். “முகம் ஆரு வேணும்னாலும் வரையலாம். வாலு மட்டும் கிட்டாது. சர்க்காருக்குன்னு ஒரு வாலு உண்டு, அது வேற ஆருக்கும் கொடுக்க மாட்டாங்க. இவன் ஏஜென்டு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. அரைநாள் வேலை போச்சே என்று. “அப்ப எதைத்தான் நம்புறது?” என்று சண்டைக்குப் போகிறவள் மாதிரிக் கேட்டுவிட்டேன். இத்தா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். இங்கே வருகிறவர்கள் எல்லாம் பேப்பரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், எதிர்க்கேள்வி கேட்டது நீதான், வேலைக்கு வருகிறாயா என்றார். வீட்டுக்காரர் இன்று வரை துபாய் போகவில்லை. நான் மறுநாளே கடைக்குப் போய்விட்டேன்.

அவருக்கு ஒவ்வொரு வகை சைட்டோடும் ஒவ்வொரு மாதிரி உறவு இருந்தது. சர்க்கார் சைட் பாதி நாள் திறக்காது, திறந்தால் நகராது. அதைத் திட்டிக்கொண்டே நம்புவார். கம்பெனி சைட்டைச் சிரித்துக்கொண்டே படிப்பார். “தன் மொளகு பூத்துப் போச்சுன்னு எந்தக் கடைக்காரன் போர்டு வெப்பான்?” எல்லாரும் சேர்ந்து எழுதித் திருத்துகிற பெரிய சைட் ஒன்று உண்டல்லவா, அதை வழி கேட்க மட்டும் பயன்படுத்துவார். அதன் அடியில், இது எங்கிருந்து எடுத்தது என்று கொடுத்திருக்கும் இடத்துக்குப் போய்விடுவார். தன் அனுபவத்தை எழுதுகிறவர்களின் பக்கங்கள் அவருக்குப் பிடிக்கும், ஆனால் அது சாயாக்கடைப் பேச்சு, கேட்டுக்கலாம், கையெழுத்துப் போடக் கூடாது என்பார். செய்தி என்றால் தேதி வேண்டும். தேதி போடாத செய்தியும் ஐஸில் கிடக்கிற மீனும் ஒன்று, எப்போது பிடித்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அவர் நிஜமாகவே வெறுத்தது ஒரு வகையைத்தான். உங்கள் நன்மைக்காகச் சொல்கிறோம் என்று ஆரம்பித்து, நோயைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டே போய், கடைசியில் ‘வாங்க’ என்று ஒரு பச்சைப் பொத்தானில் வந்து முடிகிற பக்கங்கள். “அந்தப் பொத்தானைக் கண்டா, அதுக்கு மேல படிச்சதெல்லாம் மறந்துடு” என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கறாராகிவிடும். அதற்குக் காரணம் இருந்தது, பின்னால் சொல்கிறேன்.

இப்படி ஒரு ஆள் தெருவுக்கு ஒருத்தர் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுதான். ஆனால் யாரும் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்கள்.

ஒரு நாள் காலை கொச்சங்காடி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மரண அறிவிப்பு வந்தது. கிட்டங்கியில் கணக்குப் பார்க்கும், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற பெரியவர் மௌத்தாகிவிட்டார், மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று. குரூப் முழுக்க அனுதாபம் கொட்டியது. நானும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன். இத்தா போடவில்லை. “ஆரு சொன்னது?” என்றார். நான் போனைக் காட்டினேன். “இது அனுப்புனவன் தோப்பும்படிக்காரன். அவனுக்கு ஆரு சொன்னது?” என்று கேட்டுவிட்டு, நான் தடுக்கத் தடுக்க அந்த வீட்டுக்கே போன் போட்டார். எடுத்தது இறந்துபோனவர்.

“ஞான் இவ்விட புட்டு தின்னுட்டு இருக்கேன் இத்தா, எந்தா விசேஷம்?” என்றார் அவர்.

தோப்பும்படியில் அதே பெயரில் வேறொருவர் இறந்திருந்தார். கடை வாசலில் அன்று ஒரே சிரிப்பு. ஆனால் அந்த வீட்டுக்காரம்மா மட்டும் இத்தாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வீடு தேடி அழ வந்தவர்களோடெல்லாம் அவளுக்கு வருத்தமில்லை. தன் புருஷன் செத்தாரா இல்லையா என்று போன் போட்டு விசாரித்தவளோடுதான் வருத்தம். இது என்ன நியாயம் என்று நான் குதித்தேன். “விடு மோளே. கூட அழறவங்களைத்தான் சனத்துக்குப் பிடிக்கும்” என்றார் இத்தா.

கல்யாண வீடுகளிலிருந்தும் அழைப்புக் குறைந்துபோனது. மாப்பிள்ளை வேலை பார்ப்பதாகச் சொன்ன கம்பெனி எங்கேயும் இல்லை என்று ஒரு பெண் வீட்டுக்குக் கண்டுபிடித்துச் சொன்னார். கட்டிப்பிடித்து நன்றி சொன்னார்கள். அடுத்த வருஷம் அதே பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தபோது கூப்பிடவில்லை. பந்தியில் அவரைப் பார்த்தால் பழைய பேச்சு வந்துவிடுமாம். பிரியாணி வாசனை கடை வரைக்கும் வந்தது. இத்தா வீட்டிலிருந்து கொண்டுவந்த கப்பைக் கிழங்கையும் மீன் குழம்பையும் எனக்கும் பங்கு வைத்துச் சாப்பிட்டார். நான் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினேன். அவர் நிதானமாகத்தான் சாப்பிட்டார்.

அவர் வீட்டில் அவரோடு யாரும் இல்லை. வீட்டுக்காரர் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் இறந்துபோனார். கிட்னியில் கட்டி கட்டியாக நீர் கோத்துக்கொள்ளும் வியாதி. தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். கடைசி வருஷத்தில் வீட்டுக்காரருடைய அக்கா, இத்தா ‘மைனி’ என்று கூப்பிடுகிறவர், ஒரு சைட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். கட்டியைக் கரைக்கும் பொடி, ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினே வேண்டாம், நூறு நாள். இத்தா ஒரு பகல் முழுக்க அதை அலசினார். வைத்தியர் பெயர் இல்லை. விலாசத்தில் இருந்த தெரு அந்த ஊரில் இல்லை. குணமானவர் என்று போட்டிருந்த ஆளின் படம் இன்னொரு சைட்டில் வேறு பெயரில் முடித்தைலம் விற்றுக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் மேல் பரப்பி வைத்துக் காட்டினார்.

அந்த மனுஷர் பேப்பர்களைப் பார்க்கவே இல்லையாம். “எல்லாம் தெரியும்டி. ஒரு நாளைக்கு நீ கண்ணை மூடிக்கிட்டா என்ன?” என்று மட்டும் கேட்டாராம்.

இத்தாவால் மூடிக்கொள்ள முடியவில்லை. பொடி வாங்கவில்லை, மெஷினுக்கே கூட்டிக்கொண்டு போனார். எட்டு மாதத்தில் அவர் போய்விட்டார். பொடி சாப்பிட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பார், அது வேறு விஷயம். மைனியின் கணக்கு அப்படி இல்லை. அத்தாவுக்கு இருந்த ஒரு ஆசையையும் அம்மா பிடுங்கிப் போட்டுவிட்டார் என்றே ஒரே மகனும் நினைத்தான். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து ஷார்ஜாவுக்குப் போனவன் அதற்குப் பிறகு அம்மாவோடு பேசவில்லை. பெருநாளுக்கு மைனிக்குத்தான் போன் வரும். மைனி வந்து சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெரும்பாலும் சொல்ல மாட்டார்.

மகன் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் படத்தைத் தினமும் கடை அடைக்கும் முன் இத்தா திறந்து பார்ப்பார். மற்றவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் முகத்தையும் பார்த்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி அவனுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் பார்ப்பார். “கட்டில் மாறியிருக்கு. இப்ப ரெண்டு ஆளுதான் ரூம்ல.” இன்னொரு நாள், “இது பழைய போட்டோ. சொவத்துல காலண்டர் போன வருஷத்துது. அப்ப இப்ப எப்படி இருக்கான்னு தெரியலை.” ஊர்க்காரர்களுக்குப் பொய்ப் படத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அதே கண், அதே கவனம். நான் எதையாவது தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீங்களே ஒரு வார்த்தை எழுதினால் என்ன என்று ஒரு முறை கேட்டேன். “அவனுக்கு என் பேச்சு கேக்கணும்னு தோணட்டும்” என்றார். பிடிவாதம் என்று அப்போது நினைத்தேன். பயம் என்று இப்போது தெரிகிறது.

இனி முள்ளுக்கு வருகிறேன்.

அந்த வாரம் கடைக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். பேரன் குரலில் வந்த போனை நம்பி பேங்க் விவரம் எல்லாம் சொல்லி, பணம் போன பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு நின்றார். குரலையே கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்கள் என்பது எங்கள் சந்துக்கு அன்றுதான் வந்து சேர்ந்தது. இத்தா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார், “இனிமே காதையும் நம்பாதீங்க.” நானும் அதை நாலு பேரிடம் என் சொந்தச் சரக்கு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள், காலை பத்து மணி சுமாருக்கு, இத்தாவின் போனில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ‘அம்மா, நான்தான். இது என் புது நம்பர். இந்த லிங்கைத் திறந்து பார்த்து உடனே சொல்லுங்கள். அவசரம்.’ கீழே ஒரு லிங்க்.

வேறு யாருக்காவது வந்திருந்தால் அரை நிமிஷ வேலை. இத்தா அன்று வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பழைய நம்பருக்குப் போட்டுப் பார்த்தார், அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. பிறகு விரலை மடக்கி எண்ணினார். புது நம்பர். அவசரம். லிங்க். நாலாவதாக, தமிழ். அவன் மலையாளத்தில் படித்தவன். தமிழ் பேசுவான், எழுத வராது. இதுவோ அச்சடித்த மாதிரித் தமிழ்.

“நாலும் கள்ளனுக்குப் பொருந்துது” என்றார். ஆனால் விரல் நகரவில்லை. “ஒரு தடவை கூப்பிட்டு நோக்கட்டா?”

ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அன்று ஒரு நாள்தான். கேட்டது யோசனைகூட இல்லை, அனுமதி. அவர் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் போனைத்தான் பார்த்தேன்.

“என்ன இத்தா நீங்களே இப்படி? குரலையும் செய்றாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? கூப்பிட்டா அவன் குரல்லதான் பேசுவான். அப்புறம் உங்களால போனை வெக்க முடியுமா?”

“அது செரிதான்” என்றார் மெதுவாக.

“கொடுங்க இங்கன” என்று வாங்கி, நானே பிளாக் பண்ணினேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அன்று மத்தியானம் இத்தா தன் சாப்பாட்டையும் என் பக்கம் தள்ளி வைத்தார். நானும் சாப்பிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு வியாழக்கிழமை, வருஷக்கணக்கில் எங்கள் படியேறாத மைனி கடைக்குள் வந்து நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“என் தம்பிக்கு வேண்டாம்னு பிடிச்சு வெச்ச. மோனுக்கு மட்டும் பொடி செரின்னுட்டியா?” என்றார்.

இத்தாவுக்குப் புரியவில்லை. “எந்தப் பொடி மைனி?”

“நடிக்காதே. அத்தாவுக்கு வந்ததே அவனுக்கும் வந்திருக்கு. பொடி திங்கறதுக்கு முன்னாடி உனக்கு அனுப்பிக் காட்டிட்டுத்தான் தின்னானாம். அம்மா ஒண்ணும் சொல்லலை, அதனால திங்கறேன்னான். இப்ப முகமெல்லாம் நீர் கோத்து ஆஸ்பத்திரியில கிடக்கான்.”

அவர் போன பிறகு இத்தா போனை எடுத்து, பிளாக்கை நீக்கி, அந்த மெசேஜைத் திறந்தார். லிங்க் ஒன்றும் செய்யவில்லை. கள்ளத்தனம் எதுவும் அதில் ஒட்டியிருக்கவில்லை. கிட்னிக் கட்டியைக் கரைக்கும் பொடி விற்கிற ஒரு பக்கம், அவ்வளவுதான். சைட் ஆரம்பித்து நாலே மாதம். டாக்டர் என்று போட்டிருந்த வெள்ளைக்காரனின் படம் எங்கேயோ ஒரு பல் ஆஸ்பத்திரியினுடையது. குணமானோம் என்று எழுதிய முப்பது பேரும் ஒரே நாளில் எழுதியிருந்தார்கள். அடியில் பச்சைப் பொத்தான். இத்தாவுக்கு எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் அவன் கேட்டிருந்தான். அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். நான் அவர் காலடியில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், அப்புறம் சொல்ல ஒன்றுதான் பாக்கி. அடுத்த மாதம் மகன் ஊருக்கு வந்தான். முன்பே தொடங்க வேண்டிய சிகிச்சை தாமதித்துத் தொடங்கியது. இத்தா கடையைக் கொடுத்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு பாலக்காட்டுக்குத் தன் தம்பி வீட்டுப் பக்கம் போய்விட்டார். வாரத்துக்கு மூன்று நாள் மெஷினுக்குக் கூட்டிப்போகிறார். நான் வைட்டிலாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறேன். பக்கத்தில் பேச நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். இருந்தும், ஒருத்தி போனைக் காட்டி “இதைக் கேட்டியா” என்று ஆரம்பித்தால், திரும்பிப் பார்த்துக் கேட்க எனக்கு ஆளில்லை.

கொச்சங்காடியில் போய் இன்று கேட்டால், “சென்டர் இத்தாவா? ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிட்டு, கடைசியில அவங்களே ஒரு பொடிக்காரன்கிட்ட ஏமாந்தாங்கல்ல” என்பார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். மைனிதான் பரப்பினார், ஆனால் மைனி இட்டுக்கட்டியதல்ல. மைனிக்குச் சொன்னது மகன். மகனுக்குச் சொன்னது யார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று கடையில் நான் இருந்தேன்.

மைனி வந்துபோன அந்த வியாழக்கிழமை, சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லி முடித்த பிறகு, இத்தா அந்தப் புது நம்பருக்குப் போட்டார். போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். மூன்றாவது மணியில் எடுத்தான்.

“மோனே.”

“அம்மா.” குரல் கனத்துப்போயிருந்தது. “மாமி வந்து கத்துனாங்களா? பயப்படாதீங்க, நீர் கொஞ்சம் ஏறிடுச்சு, வேற ஒண்ணும் இல்ல.”

“தமிழ்ல எழுதியிருந்தியே மோனே.”

“நம்ம ரூம்ல ஒரு மதுரைக்காரர் உண்டு, அவர்கிட்ட சொல்லி எழுத வெச்சேன். உங்களுக்கு மலையாளத்தைவிட தமிழ்தானே ஓடும்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “நாலு வருஷம் பேசாம இருந்துட்டு இதுக்குப் போய்க் கேக்கறேனேன்னு வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா வேற ஆருகிட்ட கேக்கறது? ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு, பாத்துட்டீங்கன்னு தெரிஞ்சுது. ரெண்டு நாள் காத்திருந்தேன். நீங்க ஒண்ணும் பறையலை. பொய்யா இருந்தா நீங்க சும்மா இருக்க மாட்டீங்களே அம்மா. அத்தா விஷயத்துலயே சும்மா இருக்காத ஆளு. அதான் தைரியமாத் தின்னேன்.”

தம்பி, பிளாக் பண்ணினது நான்தான், உங்கம்மா கூப்பிட்டுப் பேசணும்னு துடிச்சாங்க, நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இத்தா என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி என் வாயைப் பொத்தினார்.

“பாத்தேன் மோனே” என்றார். “எல்லாம் படிச்சேன். எனக்கு ஒரு தப்பும் தோணலை. செரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அம்மா ஏமாந்து போயிட்டேன்.”

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். நோயாளியின் சிரிப்பு, பாதியில் இருமலாகிவிட்டது.

“அழாதீங்க அம்மா. உங்களையே ஏமாத்திட்டான்னா நானெல்லாம் எம்மாத்திரம்?” என்றான். “போகட்டும், விடுங்க. நான் ஊருக்கு வர்றேன்.”

ஆறு வருஷத்தில் இத்தா சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. மகன் அதை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினான்.